பழைய ஆர்கேட் பெட்டியை வாங்கும் முன்

வீட்டில் பழைய வீடியோ விளையாட்டுகளை ஆட ஆர்கேட் பெட்டி (விளையாட்டுக் கூடங்களில் காசு போட்டு ஆடும், திரையும் பட்டன்களும் கொண்ட பெட்டி) வாங்குவோர், திரையைப் பார்ப்பதற்கு முன் டார்ச்சுடன் குனிந்து அடிப்பலகையைப் பார்க்க வேண்டும். பார்ட்டிகிள் போர்டால் (மரத்துகளை ஒட்டி அழுத்திய பலகையால்) செய்த பெட்டி ஈரத்தில் நின்றிருந்தால் மூலைகள் உப்பி, விரலால் அழுத்தினாலே உதிரும். அப்படிப்பட்டதை, விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும், விட்டுவிடுவதே நல்லது.

அடுத்து, பின்கதவைத் திறந்து, 1980களின் நடுவில் ஜப்பானில் வகுக்கப்பட்ட 56 முனை ஜாமா இணைப்பான் (விளையாட்டுப் பலகையைப் பெட்டியின் வயரிங்குடன் சேர்க்கும் பொதுவான இணைப்பு) உள்ளதா என்று பாருங்கள்; இருந்தால், ஜாய்ஸ்டிக், பட்டன்களின் வயரிங்கைப் பிரிக்காமல், அதற்கென விற்கும் இடைப்பலகை வழியாக ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினியை இணைத்துவிடலாம். ஜப்பானியப் பெட்டிகள் 100 வோல்ட்டுக்கானவை என்பதால், 230 வோல்ட்டில் நேரடியாகச் செருகக் கூடாது.

பழைய பிக்சர் டியூப் மானிட்டர்கள் பெரும்பாலும் 15 கிலோஹெர்ட்ஸில், அதாவது நொடிக்குச் சுமார் 15,000 வரிகள் வரையும் வேகத்தில், இயங்குபவை. அதைவிட வேகமாக வரும் சாதாரணக் கணினியின் படம் அவற்றில் நிலையாக நிற்காது. மின்சாரத்தைத் துண்டித்த பிறகும் டியூபில் உயர் மின்னழுத்தம் தங்கியிருக்கும் என்பதால், அதைக் கழற்றுவதைப் பழகிய டிவி மெக்கானிக்கிடமே விடுங்கள்.