ஸ்விங் கீல் சத்தத்தை அடக்கறேன்னு போட்டை உடைக்காதீங்க

டெக்சாஸ்ல டல்லாஸ் பக்கம் இருக்கற லேக் லூயிஸ்வில்லுக்கு வருஷா வருஷம் யாராவது ஒரு பழைய கேட்டலினா 22 பாய்மரப் போட் வாங்கிட்டு வந்து எறக்குவாங்க, அதுல நம்மாளுங்களும் உண்டு. மொத ராத்திரி கேபின்ல படுத்துட்டு காலைல வந்து கேக்கறது ஒண்ணுதான்: "அண்ணா, ராத்திரி பூரா கீழ டொக்கு டொக்குனு இடிக்குதே, போட் உடையுதா?" உடையல தம்பி. உடையறதெல்லாம் அதுக்கப்புறம் பண்ற வைத்தியத்துலதான்.

ஃப்ராங்க் பட்லர் 1970 வாக்குல கொண்டுவந்த போட் இது, 15,000க்கு மேல கட்டியிருக்காங்க. கீல்னா போட்டுக்கு அடியில தொங்கற கனமான பலகை மாதிரி பாகம், அதை மேல மடக்கித் தூக்க முடிஞ்சா ஸ்விங் கீல். அந்த மாடல்ல 550 பவுண்டு, அதாவது 250 கிலோ வார்ப்பிரும்பு ஒரே ஒரு பின்ல தொங்குது. முழுசா தூக்கினா 2 அடி தண்ணி போதும், எறக்கினா 5 அடி வேணும். கீல் ரெண்டு பக்கமும் உரசாம ஏறி எறங்கணும்னா கேப் இருந்தே ஆகணும், கேப் இருந்தா அலையில ஆடத்தான் செய்யும்.

எல்லா சத்தமும் ஒண்ணுனு நெனைக்கறது

நின்ன எடத்துல டொக்குனு வந்தா அது கீல் பக்கவாட்டுல ஆடறது. டேக் பண்றப்ப, அதாவது காத்துக்கு எதிரா போட்டைத் திருப்பி பாயைப் பக்கம் மாத்தறப்ப, ஒரு தடவை இடிச்சா அது சகஜம், கீல் இந்தப் பக்கத்துலேந்து அந்தப் பக்கம் சாயுது, அவ்ளோதான். ஓடறப்ப டிரான்ஸ்ஃபார்மர் மாதிரி 'ம்ம்ம்'னு ரீங்காரம் வந்தா அது கீலே இல்ல, கீலைத் தூக்கற கேபிள். தண்ணி கேபிளைத் தாண்டறப்ப ரெண்டு பக்கமும் மாத்தி மாத்தி சுழல் விடும், கேபிள் அதிரும். 5 மில்லிமீட்டர் கேபிள், 5 நாட் வேகம்னா கணக்குப்படி நொடிக்கு சுமார் 100 அதிர்வு. கேபிளைச் சுத்தற வின்ச்சை அரைச் சுத்து இப்படியோ அப்படியோ திருப்புங்க, சத்தத்தோட சுருதி மாறினா கேபிள்தான். மாறலைன்னா பின்னாடி போய் அவுட்போர்டு புரொப்பெல்லர் தண்ணியில சும்மா சுத்துதானு பாருங்க.

கேப்ல ஃபோம் அடிக்கறது

வேணாம்.

லாக் போல்ட்டை முறுக்கறது

இதைப் பாத்தாத்தான் எனக்கு இன்னும் பத்திக்கிட்டு வருது. கேபின் உள்ளேந்து கீல் டிரங்க், அதாவது கீலோட மேல்பாகம் உக்கார்ற கூடு, வழியா போய் கீலோட பக்கத்துல அழுத்தற போல்ட் அது. எதுக்கு இருக்குன்னா, பெரிய காத்துல போட் அப்படியே படுத்துட்டா கீல் படார்னு உள்ள மடங்கிடாம பிடிக்கறதுக்கு. சத்தத்தை நிறுத்தறதுக்கு இல்ல. ஆனா முறுக்கினா சத்தம் நிஜமாவே நின்னுடும், அதான் பிரச்சினையே, வேலை முடிஞ்சுதுன்னு தோணிடும்.

எங்க டாக்ல ஒரு தம்பி, நல்ல பையன், ரெஞ்சுல பைப்பு சொருகி முறுக்கினான். அதுவும் ஆழம் கம்மியான எடத்துல கீலைப் பாதி தூக்கி வெச்சிருந்தப்ப. ரெண்டு நாள் நிம்மதியா தூங்கினான். சனிக்கிழமை கீலை எறக்கலாம்னு வின்ச்சைச் சுத்தினான், ஹேண்டில் லேசா சுத்துச்சு, கேபிள் தளர்ந்து டிரம்ல சிக்கிக்கிட்டு வருது, கீல் மட்டும் நின்ன எடத்துலயே நிக்குது. அப்புறம்தான் போல்ட் ஞாபகம் வந்து அதைக் கழட்டினான். 250 கிலோ இரும்பு ஒரே போக்கா விழுந்துச்சு. அந்த அதிர்ச்சியில கேபிளை வளைச்சு விடற உருளை கோணிப்போச்சு, டிரங்க்ல விரிசல், மெதுவா தண்ணி ஊற ஆரம்பிச்சுது. டிரெய்லர்ல ஏத்தி சரிபண்ண ஆன செலவு போட்டை வாங்கின வெலைல பாதி.

சரி கீல் விழலைன்னே வெச்சுக்குவோம். ஓவரா முறுக்கினா டிரங்க்ல நட் பதிச்சிருக்கற எடத்துல ஃபைபர்கிளாஸ் வெடிக்கும். இன்னொண்ணு, டெக்சாஸ் ஏரிங்க அனேகமா எல்லாம் அணை கட்டி ரொப்பினது, அடியில மரக்கட்டை கெடக்கும். மோதறப்ப கீல் பின்னாடி மடங்கித் தப்பிக்கணும், நீங்க இறுக்கி வெச்சா அந்த அடி முழுக்க பின்னும் டிரங்கும் வாங்கும். அதனால காத்து அடிக்கற நாள்ல போல்ட் கீலைத் தொட்டதும் முறுக்கறதை நிறுத்துங்க, ஆழம் கம்மியான எடத்துக்குப் போறப்ப லூஸ் பண்ணிடுங்க, வின்ச்சைத் தொடறதுக்கு முன்னாடி போல்ட்டைப் பாருங்க. வின்ச்சைச் சுத்தறப்ப கையில பாரம் தெரியலைன்னா அங்கயே நிறுத்துங்க.

டிரங்க்ல கிரீஸ் ஊத்தறது

ஏரிதான் அழுக்காகும்.

ஸ்லிப்ல (போட்டைக் கட்டி வெக்கற எடத்துல) கீலைத் தூக்கி வெக்கறது

சத்தம் குறையும், ஒத்துக்கறேன். ஆனா வாரம் முழுக்க மொத்த பாரமும் கேபிள்லயும் வின்ச்லயும் தொங்கிட்டிருக்கும். தண்ணி ஆழம் இருந்தா எறக்கியே வைங்க.

பின்னைக் கழட்டிப் பாக்காம விடறது

டொக்கு சத்தம் வருஷா வருஷம் ஜாஸ்தியானா தேய்மானம்தான். போட்டை டிரெய்லர்லேந்து உயரமா தூக்கி, கீலுக்கு அடியில ஜாக் குடுத்துட்டு மட்டும் பின்னை உருவுங்க, சும்மா ஆள் வெச்சுப் பிடிக்கற பாரம் இல்ல இது. நகத்தால தடவினா பள்ளம் தட்டுச்சுன்னா பின்னை மாத்திடணும், கீல்ல இருக்கற ஓட்டை முட்டை ஷேப்புக்கு வந்திருந்தா புஷ் (ஓட்டைக்குள்ள பொருத்தற வளையம்) போட்டு சரிபண்ணணும். திரும்பச் சேக்கற நேரத்துல கீலுக்கு ரெண்டு பக்கமும் பிளாஸ்டிக் ஸ்பேசர் வைங்க, கேப் கொறைஞ்சு சத்தம் பாதிக்கு மேல அடங்கிடும். ஸ்பேசர் தடிமனா இருந்து கீல் கையால ஆட்டினா அசையலைன்னா அதை உருவிட்டு மெல்லிசா ஒண்ணு போடுங்க.