பீரோவைத் திறந்துவைத்தால்: நடுநிலைப் பள்ளி நூலகக் குறிப்புகள்

ஆறு முதல் எட்டாம் வகுப்புவரை உள்ள பிள்ளைகள் வாசிப்பதில்லை என்றால் கைப்பேசிமேல் பழி போடுவது எளிது. ஆனால் பல பள்ளிகளில் புத்தகமே பூட்டிய பீரோவில்தான் கிடக்கிறது. தொலைந்தால் தணிக்கையில் யார் பதில் சொல்வது என்ற பயம்தான் அந்தப் பூட்டு. வேலையை அங்கிருந்தே தொடங்குங்கள்.

எல்லாப் புத்தகத்துக்கும் எண் போட்டு முடித்த பிறகு திறக்கலாம் என்று காத்திருந்தால் வருடம் போய்விடும். நூறு பிள்ளைகளுக்கு நூற்றைம்பது புத்தகம் எடுத்து, எண் எழுதி வெளியே வையுங்கள். பிள்ளைகளின் நெஞ்சு உயரத்தில் கயிறு கட்டி, மெல்லிய புத்தகங்களை அட்டை தெரியும்படி துணி கிளிப்பில் மாட்டலாம். தடித்தவற்றை மாட்டினால் ஸ்டேப்ளர் பின் அடித்த இடத்தில் அட்டை கிழியும். அவற்றை பெஞ்சில் பரப்புங்கள். திங்கட்கிழமைதோறும் பாதியை மாற்றுங்கள்.

நாற்பது நிமிடப் பாடவேளையில் முதல் பத்து நிமிடம் நீங்கள் உரக்க வாசியுங்கள். கதை திரும்பும் இடத்தில் நிறுத்தி, அந்தப் புத்தகத்தைக் கயிற்றில் மாட்டிவிடுங்கள். அடுத்த இருபது நிமிடம் அவரவர் வாசிப்பு. கடைசிப் பத்து நிமிடம் வாங்கல், கொடுக்கல். கதைச்சுருக்கம் எழுதச் சொல்லாதீர்கள். அது வீட்டுப்பாடமாகிவிடும், எடுப்பதே மெல்லிய புத்தகமாகிவிடும்.

உரக்க வாசிப்பதற்கு எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில் இன்னொரு தேவையும் உண்டு. விளவங்கோடு, கல்குளம் பக்கத்துப் பேச்சில் வெள்ளம் என்றால் குடிக்கிற தண்ணீர். அச்சில் அது ஊரையே அடித்துப்போகும். பிள்ளை எழுத்துக்கூட்டிச் சரியாக வாசித்தும் கதை புரியாமல் நிற்பது இப்படித்தான். அந்தச் சொல் வரும்போது நிறுத்தி, இரண்டு பொருளையும் சொல்லிவிட்டுப் போங்கள். பேச்சு தப்பு என்று மட்டும் சொல்லாதீர்கள்.

அரசின் வாசிப்பு இயக்கப் புத்தகங்கள் நுழை, நட, ஓடு, பற என்று படிநிலைப்படி வரும். எட்டாம் வகுப்புப் பையன் கையில் எல்லார் முன்னும் ‘நுழை’யைக் கொடுத்தால் பிறகு அவன் அந்தப் பக்கமே வரமாட்டான். நான்கையும் கலந்து வைத்து, அவனையே எடுக்க விடுங்கள். ஒரு பக்கத்தில் ஐந்து சொல் புரியவில்லை என்றால் வேறொன்று எடுக்கலாம் என்று மட்டும் பொதுவாகச் சொல்லிவையுங்கள்.

வழங்கல் நோட்டில் தேதி, எண், புத்தகம், பெயர், திரும்பிய நாள் ஆகிய ஐந்து கட்டங்கள் போதும். வகுப்புக்கு இருவர் எழுதட்டும். மாதாமாதம் ஆளை மாற்றுங்கள். தவணை ஒரு வாரம். அபராதம் வேண்டாம், தொலைத்த பிள்ளை பயந்து நூலகத்தையே விட்டுவிடும். தொலைந்ததையும் கிழிந்ததையும் பருவம்தோறும் பட்டியலிட்டுத் தலைமையாசிரியரிடம் கையெழுத்து வாங்கிவையுங்கள். தணிக்கையில் கேட்டால் காட்ட ஒரு தாள் இருக்கும்.

இனி மழை. தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு பருவமழையும் இங்கே உண்டு. பீரோவைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, செங்கல்மேல் ஏற்றி வையுங்கள். ஈரமும் கரையானும் சுவர், தரை வழியாகத்தான் வரும். வீட்டுக்குப் போகும் புத்தகத்தோடு ஒரு பிளாஸ்டிக் கவரும் போகட்டும். நனைந்து வந்தால் வெயிலில் காயவைக்காதீர்கள், தாள் சுருளும். இருபது பக்கத்துக்கு ஒரு வெள்ளைத் தாள் செருகி, ஃபேனுக்கு அடியில் விரித்து நிறுத்தி, தாள் ஈரமானதும் மாற்றுங்கள். கிழிசலுக்கு செலோ டேப் ஆகாது. மஞ்சளாகிப் பிசுபிசுத்து அடுத்த பக்கத்தையும் பிடிக்கும். மைதாப் பசைக்குப் பூச்சி வரும். மெல்லிய தாள்கீற்றில் ஃபெவிகால் லேசாகத் தடவி ஒட்டி, மேலே கனம் வைத்து ஓர் இரவு விடுங்கள்.