தேக்கு வாங்கும்போது வெட்டுமுகத்தைப் பாருங்கள்

"பர்மாத் தேக்கா, நிலம்பூர்த் தேக்கா?" எங்கள் பட்டறையில் கட்டிலுக்கு ஆர்டர் சொல்ல வருகிறவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். ஊர்ப்பெயருக்கு மதிப்பு உண்டு. நிலம்பூரில் 1840களிலேயே தேக்கைத் தோட்டமாக நட்டு வளர்க்கத் தொடங்கிவிட்டார்கள். அங்கிருந்து வரும் நீளமான, கோணல் இல்லாத தடியைப் பார்த்தால் இன்றும் என் கை தானாகத் தடவிப் பார்க்கும். ஆனால் அதே தடியின் ஓரத்தில் அறுத்த பலகையும் உள்பக்கம் அறுத்த பலகையும் ஒன்றல்ல. எந்த ஊர் மரம் என்பதைவிட, மரத்தின் எந்தப் பகுதி உங்கள் வீட்டுக்கு வருகிறது என்பதே முக்கியம்.

தடியின் வெட்டுமுகத்தைப் பாருங்கள். பட்டையை ஒட்டி வெளிறிய ஒரு வளையம் இருக்கும். அதை வெள்ளை என்போம். உள்ளே பொன்னிறமாகவோ பழுப்பாகவோ இருப்பது வைரம். தேக்கைக் கரையான் எளிதில் தொடாது என்கிறோமே, அது வைரத்துக்கு மட்டும்தான் பொருந்தும். காரணமான எண்ணெய்ச் சத்தெல்லாம் அங்கேதான் இருக்கிறது. வெள்ளையை வண்டும் துளைக்கும், கரையானும் தின்னும். இளம் மரத்தில் வெள்ளை அகலமாகவும் வைரம் குறைவாகவும் இருக்கும். கானா, நைஜீரியா, ஈக்வடார் நாடுகளிலிருந்து தூத்துக்குடிக்குக் கன்டெய்னரில் வரும் மரமும் அசல் தேக்குதான். ஆனால் அதில் பெரும்பாலும் மெல்லிய தோட்டத் தடிகள். அவற்றை மட்டம் என்று ஒதுக்க வேண்டியதில்லை. வெள்ளையைக் கழித்து அறுத்துக் கொடுத்தால் நல்ல சாமானே வரும். கழிக்காமல் அறுப்பதில்தான் ஏமாற்று தொடங்குகிறது.

அப்படி வெள்ளையோடு அறுத்த சட்டத்துக்குச் சாயம் பூசி, மேலே பாலிஷ் அடித்துவிட்டால் முன்பக்கம் பார்த்து எதையும் சொல்ல முடியாது. அதனால் கடையில் கட்டிலைத் திருப்பச் சொல்லுங்கள். அடிப்பக்கச் சட்டம், காலின் அடிப்பாகம், இழுப்பறையின் பின்பக்கம் ஆகிய இடங்களில் சாயத்தை அக்கறையாகப் பூசியிருக்க மாட்டார்கள். சட்டத்தின் ஒரு ஓரம் மட்டும் நெடுக வெளிறிக் கிடந்தால் அது வெள்ளை. கடைக்காரரிடம் கேட்டுவிட்டு, மறைவான இடத்தில் உளி நுனியால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். நிறம் மேல்தோலோடு போய்விட்டால் அது சாயம்; உள்ளேயும் அதே நிறம் வந்தால் வைரம். புதிதாக இழைத்த தேக்குக்குப் பதப்படுத்திய தோல் போல ஒரு வாசனை உண்டு, சீவலை விரல்களுக்கிடையே தேய்த்தால் மெழுகுப் பிசுக்கும் தெரியும். ரப்பர் மரத்துக்கு எந்தச் சாயம் பூசினாலும் இந்த இரண்டும் வராது.

வெட்டுமுகத்தில் இன்னொன்றும் தெரியும். கூரான உளியால் ஒரு சீவு சீவி, துளி தண்ணீர் தொட்டுத் தடவினால் ஆண்டு வளையங்கள் பளிச்சென்று எழும். ஒவ்வொரு வளையத்தின் தொடக்கத்திலும் ஊசி குத்தியது போன்ற சிறு துளைகள் வரிசையாக நிற்கும். இது தேக்குக்கு நல்ல அடையாளம். வளையங்களின் நட்டநடுவே இருக்கும் நடுத்தண்டு உங்கள் சட்டத்துக்குள் வந்துவிட்டதா என்றும் பாருங்கள். வந்திருந்தால் வெயில் காலத்தில் அங்கிருந்துதான் வெடிப்பு கிளம்பும். கட்டில் காலுக்கு அப்படிப்பட்ட மரத்தை நான் எடுப்பதே இல்லை.

கணுவைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். மரத்தோடு இறுகிய சிறு கணு ஒன்றும் செய்யாது. கறுத்து, சுற்றிலும் விரிசல் விட்டு, தட்டினால் ஆடும் கணுதான் ஆகாது. அதுவும் மூட்டு வரும் இடத்தில் இருக்கவே கூடாது. பச்சையும் பழுப்புமாகத் திட்டுத்திட்டாக இருக்கிறதே என்று புது மரத்தைத் திருப்பி அனுப்புகிறவர்களும் உண்டு. அறுத்த புதிதில் தேக்கு அப்படித்தான் இருக்கும். வெளிச்சம் பட்டு நாளாக ஆகச் சீராகிவிடும்.

அப்புறம் ஈரம். எவ்வளவு உயர்ந்த மரமானாலும் காயாமல் வேலை செய்தால் மூட்டு விலகும், பலகை வளையும். ஈரம் பார்க்கும் மீட்டர் பெரும்பாலான பட்டறைகளில் இருக்கும், வைத்துக் காட்டச் சொல்லுங்கள். 12 விழுக்காட்டை ஒட்டி இருந்தால் சரி. இடித்த பழைய வீட்டு மரத்தில் இந்தக் கவலை பெரும்பாலும் இருக்காது. 2014 ஏப்ரலிலிருந்து பர்மா தேக்கை உருட்டு மரமாக ஏற்றுமதி செய்வதில்லை என்பதால், பர்மாத் தேக்கேதான் வேண்டும் என்பவர்களுக்குப் பழைய உத்திரமும் தூணும் நல்ல வழி. ஆணித்துளைகளையும், சுவருக்குள் இருந்த முனை உளுத்திருக்கிறதா என்பதையும் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அளவை நீங்களே போட்டுப் பாருங்கள். அங்குலத்தில் அகலம், கனம், அடியில் நீளம் மூன்றையும் பெருக்கி 144ஆல் வகுத்தால் கன அடி. 4 அங்குல அகலம், 3 அங்குலக் கனம், 6 அடி நீளமுள்ள சட்டம் அரை கன அடி. நன்றாகக் காய்ந்த தேக்கு கன அடிக்கு ஏறத்தாழ 18 கிலோ இருக்கும் என்பதால், இந்தச் சட்டம் 9 கிலோவை ஒட்டி நிற்க வேண்டும். மரத்துக்கு மரம் கொஞ்சம் கூடும் குறையும். ஆனால் 12, 13 கிலோ காட்டினால் ஈரம் இருக்கிறதா என்று மீட்டரை வைத்துப் பாருங்கள்.

எல்லா இடத்துக்கும் முதல்தர வைரம் கேட்டுக் காசைக் கரைக்கவும் வேண்டாம். கால், நீளச் சட்டம், மூட்டு விழும் இடங்கள் ஆகியவற்றுக்கு வைரம் மட்டும். தலைமாட்டுப் பலகைக்கு ரேகை அழகாக ஓடும் மரம். இழுப்பறையின் அடிப்பலகைக்கு நல்ல பிளைவுட்டே போதும், அதைத் தேக்கு விலைக்குப் போடாமல் தனியாகப் பில்லில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.