மூச்சுமுட்டலோட வர்ற பயத்தை வீட்ல எப்படி சமாளிக்கிறது

எங்க அப்பத்தாவுக்கு சிஓபிடி, அதாவது மூச்சுக்குழாய் சுருங்கி மூச்சு வாங்குற நாள்பட்ட நுரையீரல் நோய். பீடி சிகரெட்டெல்லாம் தொட்டதே இல்ல, ரெண்டாங்கட்டு அடுப்படில நாப்பது வருஷ விறகுப் புகை, அவ்ளோதான். மருந்தெல்லாம் எழுதிக் குடுத்தாங்க, ஆனா ராத்திரி ரெண்டு மணிக்கு "தம்பி, மூச்சு நின்னுரும் போல இருக்குடா"ன்னு கையைப் புடிச்சா என்ன செய்யணும்னு யாரும் சொல்லல.

பயந்தா மூச்சு வேகமாகும், வேகமா இழுத்தா உள்ள போன காத்து முழுசா வெளிய வராம நெஞ்சுலயே தங்கிரும், அதனால இன்னும் முட்டும், இன்னும் பயம். அதனால "ஒண்ணுமில்ல, பயப்படாதீங்க"ன்னு மட்டும் சொல்லாதீங்க, முட்டுறது அவங்களுக்குத்தான தெரியும். டாக்டர் சொன்ன இன்ஹேலரைக் குடுத்துட்டு முன்னாடி சாய்ஞ்சு உக்கார வைங்க, முழங்கை ரெண்டும் தொடைல ஊணி. மூக்கால 2 எண்ணுற வரை இழுத்து, சூடு காப்பியை ஊதுற மாதிரி உதட்டைக் குவிச்சு 4 எண்ணுற வரை விடணும். வாய்ல சொல்லி மிரட்டாம நீங்களும் எதிர்ல உக்காந்து ஊதுங்க. ஓலை விசிறியால மூஞ்சிக்கு நேரா வீசுங்க, மூக்கு கன்னத்துல காத்து படுறதே முட்டல் உணர்வைக் குறைக்கும், இதை ஆராய்ச்சி பண்ணியே பாத்திருக்காங்க.

அவசரத்துக்கு எடுக்கிற நீல இன்ஹேலர் எடுத்ததும் கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும், பெரும்பாலும் அது மருந்தோட வேலை. இது தெரியாம அப்பத்தா ஹார்ட் அட்டாக்னே நெனச்சுச்சு, பாவம். ஆனா உதடு நீலமானாலோ, ஒரு வாக்கியம் முழுசா பேச முடியலனாலோ, ஆள் குழம்பிப் பேசினாலோ விசிறியைப் போட்டுட்டு 108க்கு அடிங்க.

பகல்ல வேற தொல்லை. நம்ம செட்டிநாட்டு வீடுங்கதான் தெரியுமே, முகப்புல ஆரம்பிச்சா பின்கட்டு வர நீளம், நடுவுல மூச்சு வாங்கினா என்ன பண்றதுன்னு அப்பத்தா ரூமை விட்டே வரல. வளவுல (நடு முற்றத்தைச் சுத்தி) ரெண்டு, பட்டாலைல (உக்கார்ற கூடம்) ஒண்ணுன்னு பிளாஸ்டிக் சேர் போட்டேன், உக்காந்து உக்காந்து வந்துருச்சு. விசேஷ வீட்ல நாலு பேர் முன்னாடி பஃப் எடுக்கக் கூச்சம், அதுக்கு வாசப்பக்கமா ஒரு சேர், பக்கத்துல பேத்தி.

ரெண்டு வாரத்துக்கு மேல சாப்பாடு தூக்கம் போயி "நான் எல்லாருக்கும் பாரம்"னு பேச்சு வந்தா அது வயசு இல்ல, மனச்சோர்வா இருக்கலாம். அரசாங்கத்தோட மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, 24 மணி நேரமும் ஃப்ரீ, தமிழ்லயே பேசலாம். கடைல தூக்க மாத்திரை மட்டும் நீங்களா வாங்கிக் குடுத்துராதீங்க, சிலது மூச்சையே மந்தமாக்கிரும்.

இப்ப விசிறி அப்பத்தா தலகாணிக்கு அடிலயே இருக்கு, முக்காவாசி நாள் என்னை எழுப்புறதே இல்ல.