ஜிராவிலிருந்து ட்ரெல்லோவுக்கு சிங்க்: முதலில் வடிகட்டுங்கள்

எங்கள் டெவலப்பர்கள் தங்கள் வேலைகளைப் பதிந்து வைக்கும் ஜிராவை விட்டு நகர மாட்டார்கள். வாடிக்கையாளரோ, வேலைகளைக் கார்டுகளாகக் காட்டும் ட்ரெல்லோ போர்டைத் தவிர வேறெதையும் திறக்க மாட்டார். அங்கே பார்த்து இங்கே ஒட்டுவது என் காலை வேலை. சலித்துப்போய் ஒருநாள் ஜிராவில் இருப்பது தானாகவே ட்ரெல்லோவுக்கும் போகும்படி இரண்டையும் சிங்க் செய்துவிட்டேன். மறுநாள் வாடிக்கையாளரின் போர்டில் 212 கார்டுகள். ஒன்றின் தலைப்பு: “லாகின் பக்கம்: இதை யார் இப்படி எழுதித் தொலைத்தது?”

சிங்க் சொன்னதைத்தான் செய்தது. எதை அனுப்பக் கூடாது என்று நான்தான் சொல்லவில்லை.

இப்படிச் செயலிகளை இணைக்க நான் பயன்படுத்துவது என்8என். ஜேபியரிலும் இதைச் செய்யலாம். அங்கே ஃபில்டர் படி கட்டணத்துக்கான டாஸ்க் கணக்கில் சேராது என்பது நல்ல விஷயம். ஆனால் போகப்போக இந்த வேலையில் கிளைகள் பிரியும், ஒரே திரையில் எல்லாக் கிளைகளையும் பார்க்க எனக்கு என்8என்தான் வசதி. இரண்டு கணக்குகளையும் ஏபிஐ டோக்கன் (ஒரு செயலி இன்னொன்றுக்குள் நுழையத் தரும் ரகசியச் சாவி) கொடுத்து இணைத்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன்.

படி 1: ஒரு லேபிள்

ஜிராவில் “பகிர்” என்று ஒரு லேபிள் வையுங்கள். லேபிளில் இடைவெளி விட முடியாது, அதனால் ஒரே சொல்லாக இருக்கட்டும். இந்த லேபிள் ஒட்டிய இஷ்யூ (ஜிராவில் ஒரு வேலைக்கான பதிவு) மட்டும்தான் வெளியே போகும்.

படி 2: ஜேக்யூஎல் எழுதுங்கள்

ஜேக்யூஎல் என்பது ஜிராவின் தேடல் மொழி. இப்போதே என்8என்னைத் திறக்காதீர்கள். முதலில் ஜிராவின் தேடல் பக்கத்திலேயே எழுதி, எத்தனை இஷ்யூ வருகிறது என்று பாருங்கள். நிபந்தனைகள் மூன்று: இந்த ப்ராஜெக்ட், “பகிர்” லேபிள், கடந்த 20 நிமிடத்தில் அப்டேட் ஆனது. என்8என்னில் 15 நிமிடத்துக்கு ஒருமுறை ஓடும்படி ஷெட்யூல் வைக்கப் போகிறோம். கூடுதல் 5 நிமிடம், ஒரு ஓட்டம் தாமதமானால் எதுவும் விட்டுப்போகாமல் இருக்க.

நான் விழுந்த பள்ளம் இங்கேதான். முதலில் “பகிர்” லேபிளே என்னிடம் கிடையாது. அனுப்பக் கூடாதவற்றில் “உள்வேலை” என்று ஒட்டி, “லேபிள் உள்வேலைக்குச் சமமில்லை” என்று கேட்டேன். 212 இருந்த இடத்தில் 9 வந்தது. ஆஹா, எவ்வளவு சுத்தமாக வடிகட்டுகிறது என்று சந்தோஷப்பட்டேன். இரண்டு நாள் கழித்து வாடிக்கையாளர் கேட்டார்: “பேமெண்ட் வேலை என்ன ஆச்சு? போர்டிலேயே காணோமே?”

லேபிளே இல்லாத இஷ்யூவை நீங்கள் “உள்வேலை இல்லாதது” என்று நினைப்பீர்கள். ஜேக்யூஎல் அப்படி நினைப்பதில்லை. காலியான ஃபீல்டை “சமமில்லை” என்ற நிபந்தனை தொடவே தொடாது. மதிப்பு ஏதாவது இருந்தால்தான் ஒப்பிட்டுப் பார்க்கும். எங்கள் இஷ்யூக்களில் பெரும்பாலானவற்றுக்கு லேபிளே கிடையாது. எல்லாம் சத்தமில்லாமல் காணாமல் போயின.

இப்படித்தான் எழுதியாக வேண்டும் என்றால், “லேபிள் காலி, அல்லது உள்வேலைக்குச் சமமில்லை” என்று இரண்டையும் சேர்த்து, கட்டாயம் அடைப்புக்குறிக்குள் போடுங்கள். குறி இல்லாவிட்டால் “மற்றும்” முதலில் சேர்ந்துகொள்ளும், “அல்லது” தனியாக நிற்கும், வேறு ப்ராஜெக்ட்களின் இஷ்யூக்கள் உள்ளே வந்துவிடும். நான் இந்த வம்பே வேண்டாம் என்று “பகிர்” லேபிளுக்கு மாறிவிட்டேன். புதிதாக வந்த ஒருவர் லேபிள் ஒட்ட மறந்தால் ஒரு கார்டு தாமதமாகும், அவ்வளவுதான். அந்த லாகின் தலைப்பு மாதிரி ஒன்று வெளியே போகாது.

படி 3: ஃபீல்டையும் வடிகட்டுங்கள்

இஷ்யூவை அனுப்பலாம் என்பதற்காக அதன் கமெண்ட்டையும் அனுப்பலாம் என்று ஆகாது. தலைப்பு, நிலை, கெடு தேதி மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுங்கள். நிலைக்கு ஸ்டேட்டஸ் பெயரைப் பிடிக்காதீர்கள், யாராவது ஒருநாள் பெயரை மாற்றுவார்கள். ஸ்டேட்டஸ் கேட்டகரி மூன்றே மூன்றுதான்: செய்ய வேண்டியது, நடக்கிறது, முடிந்தது. ட்ரெல்லோவில் மூன்று லிஸ்ட் வைத்தால் சரியாகப் பொருந்தும்.

படி 4: கார்டு ஐடி

ட்ரெல்லோவில் கார்டு உருவானதும் அதன் ஐடியை ஜிராவில் நாமே சேர்க்கும் ஒரு கஸ்டம் ஃபீல்டில் எழுதிவையுங்கள். ஐடி இருந்தால் அப்டேட், இல்லையென்றால் புது கார்டு. இது இல்லாவிட்டால் அந்தக் கூடுதல் 5 நிமிடத்தால் இரண்டு ஓட்டத்திலும் வரும் ஒரே இஷ்யூ இரண்டு கார்டாகும்.

ஐடியை ஒருமுறை மட்டும் எழுதுங்கள். நான் “கடைசியாக சிங்க் ஆன நேரம்” என்று இன்னொரு ஃபீல்டும் வைத்தேன். ஒவ்வொரு ஓட்டமும் அந்த நேரத்தை எழுத, இஷ்யூ “அப்டேட் ஆனது” ஆகிவிட, அடுத்த ஓட்டத்தில் அதுவே திரும்ப வர... இரவு முழுக்க 40 இஷ்யூக்கள் தம்மைத் தாமே சுற்றிக்கொண்டிருந்தன.

படி 5: வெளியேறியவை

“பகிர்” லேபிளை யாராவது எடுத்துவிட்டால்? அந்த இஷ்யூ படி 2-இன் தேடலில் இனி வராது. வராததால் ட்ரெல்லோ கார்டு பழைய நிலையிலேயே நின்றுவிடும், வாடிக்கையாளர் அதையே பார்த்துக்கொண்டிருப்பார்.

அதனால் இரண்டாவது தேடல் ஒன்று தேவை: கார்டு ஐடி ஃபீல்டு காலியாக இல்லாத, கடந்த 20 நிமிடத்தில் மாறிய எல்லா இஷ்யூக்களும். இதில் லேபிள் நிபந்தனை கூடாது. லேபிள் இன்னும் இருக்கிறதா என்று என்8என்னின் இஃப் நோடில் (நிபந்தனை பார்த்துக் கிளை பிரிக்கும் படி) பாருங்கள். இல்லையென்றால் கார்டை ஆர்க்கைவ் செய்யுங்கள். டெலீட் வேண்டாம், லேபிள் திரும்ப வந்தால் அதே கார்டை எழுப்பிக்கொள்ளலாம்.

முதல் ஓட்டம்

ஆரம்பத்தில் ஒருமுறை மட்டும் நேர நிபந்தனையை எடுத்துவிட்டு ஓட்டுங்கள், பழையவையும் வர வேண்டுமல்லவா? ட்ரெல்லோ ஒரு டோக்கனுக்கு 10 விநாடிக்கு 100 கோரிக்கைகளுக்கு மேல் ஏற்காது. இருபது இருபதாகப் பிரித்து நடுவில் சில விநாடி நிறுத்துங்கள்.

பின்சேர்க்கை 1: தேடலில் நேரம் தள்ளிப்போகிறது என்று இதைப் படித்த இருவர் எழுதியிருந்தார்கள். இருவருமே “20 நிமிடம் முன்பு” என்று சொல்லாமல் தேதியையும் மணியையும் நேரடியாக எழுதியிருந்தார்கள். ஜிரா அதை டோக்கனுக்குரியவரின் டைம் சோனில் படிக்கும். சர்வர் வேறு சோனில் இருந்தால் கணக்கு தப்பும்.

பின்சேர்க்கை 2: ஜிராவில் டெலீட் ஆன இஷ்யூ? நான் யோசிக்கவே இல்லை. அது எந்தத் தேடலிலும் வராது, படி 5-ம் பிடிக்காது. இஷ்யூ டெலீட் ஆகும்போது தானாகத் தகவல் அனுப்பும் வெப்ஹூக் ஒன்றை என்8என்னுக்கு வைத்திருக்கிறேன். அழிந்த பிறகு கஸ்டம் ஃபீல்டை நம்ப வேண்டாமே என்று, இஷ்யூ எண்ணைக் கார்டின் தலைப்பிலேயே சேர்த்து அதை வைத்துத் தேடி ஆர்க்கைவ் செய்கிறேன்.