சாயங்காலம் மட்டும் வந்த காய்ச்சல்

எங்க வீட்டு நாய் சரியா சாப்பிடல, சாயங்காலமானா மூலைல சுருண்டுக்கும், காலைல வாலாட்டிட்டு நிக்கும். சோத்த மாத்திப் பாத்தோம், பூச்சி மருந்து குடுத்தோம், ஒண்ணும் கேக்கல. காலைல டாக்டர்கிட்ட போனா டெம்பரேச்சர் நார்மல், மூக்கு வேற ஈரமா ஜில்லுனு இருந்ததால காய்ச்சல்னே தோணாது, ஆனா மூக்க வச்சு எதுவும் சொல்ல முடியாதுங்க. டிஜிட்டல் தெர்மாமீட்டர் முனைல வாசலின் தடவி ஆசனவாய்ல வச்சு ரெண்டு வேளையும் எடுத்து நோட்டுல எழுத ஆரம்பிச்சேன் (நாய்க்கு 101லேர்ந்து 102.5 ஃபாரன்ஹீட் வரை நார்மல்), காலைல 102, ராத்திரி 104! ஈறும் வெளுத்திருந்துச்சு. நோட்டப் பாத்ததும் ரத்த டெஸ்ட் எழுதுனாரு, பிளேட்லெட் கம்மி, உண்ணிக் காய்ச்சல். உண்ணி ஒளிஞ்சிருந்தது முன்னங்கால் விரல் இடுக்குல, முடிய விலக்கிப் பாத்தாத்தான் தெரியுது. டாக்ஸிசைக்ளின் ஆரம்பிச்சதும் தட்ட உருட்டி சோறு கேக்குது, அப்பாடான்னு இருக்கு. மாத்திரை மட்டும் 28 நாள் முழுசா குடுக்கணுமாம்.