"நீயாத்தானே வேலைய விட்டுட்டு போன"ன்னு தோட்டம் சொன்னா: நம்ம ஆளுங்க பண்ணுற தப்புங்க

நம்ம இலங்கையில வேலை போச்சுன்னா அரசாங்கம் மாசாமாசம் காசு குடுக்குற ஏற்பாடு கெடையாது. வெளிநாட்டுல இருக்குற சொந்தக்காரங்க "இங்க வேலையில்லாத காசுக்கு எழுதிப் போடலாம், மொதலாளி எதுத்தா நம்ம பக்கத்த பேசலாம்"னு போன்ல சொல்லும்போது நமக்கு ஏக்கமா இருக்கும். நமக்குன்னு முக்கியமா இருக்குறது வேலை செஞ்ச வருசத்துக்கு குடுக்குற சர்விஸ் காசு (பணிக்கொடை), ஈபிஎஃப், ஈடிஎஃப்ங்குற சேமிப்பு காசு, அப்புறம் அநியாயமா நிப்பாட்டுனா லேபர் டிரிபியூனல்ல (தொழில் நியாயசபையில) கேக்குற நட்டஈடு. அதையும் குடுக்காம இருக்க தேயிலை தோட்டத்துல மொதல்ல சொல்றது எப்பவும் ஒன்னுதான், "நாங்க எங்க நிப்பாட்டுனோம், அவங்களாத்தான் வரல".

எங்க சித்திக்கு இதுதான் நடந்துச்சு. மஸ்கெலியா பக்கம், 22 வருசம் கொழுந்து பறிச்சவங்க. ஒரு மாசம் 3ஆம் திகதி இடுப்பு வலின்னு கவர்மென்ட் ஆஸ்பத்திரியில போய் படுத்தாங்க, 9ஆம் திகதி மறுபடி மலைக்கு கொழுந்து பறிக்க போனாங்க, 10ஆம் திகதி காலையில வேலைக்கு பேர் போடுற பிரட்டுக்களத்துல நிக்குறப்ப, வேலை வாங்குற கணக்கப்புள்ள "ஒனக்கு இன்னைக்கு பேர் இல்ல, வீட்டுக்கு போ"ன்னுட்டாரு. சித்தி கூடைய தூக்கிட்டு லயத்துக்கு வந்துட்டாங்க, வந்தவங்க மூனு வாரம் கூப்புடுவாங்க கூப்புடுவாங்கன்னு அப்புடியே இருந்துட்டாங்க. நான் பாத்த வரைக்கும் எல்லாரும் பண்ணுற பெரிய தப்பு இதுதான். வாயால போன்னு சொன்னதுக்கு சாட்சி இல்ல, ஆனா நீங்க வேலைக்கு போகாத ஒவ்வொரு நாளும் தோட்டத்து வேலை நாள் பதியுற செக்ரோல்ல வரலன்னு ஏறிக்கிட்டே இருக்கும், நாளைக்கு அத காட்டித்தான் "விட்டுட்டு போயிட்டாங்க"ன்னு சொல்லுவாங்க. அதனால அடுத்த நாளும் போங்க, கூட ஒரு ஆள கூட்டிட்டு போங்க, அன்னைக்கே தொரைக்கு (தோட்டத்து மேனேஜருக்கு) நாலு வரி எழுதுங்க: இந்த திகதி வேலைக்கு வந்தேன், இன்னார் பேர் போடல, நான் வேலை செய்ய தயாரா இருக்கேன். தமிழ்லயே எழுதலாம். ஒரு கொப்பி வெச்சுக்கிட்டு பதிவுத் தபால்ல போட்டு, தபால் கந்தோர்ல குடுக்குற ரிசீட்ட பத்திரமா வைங்க. முடிஞ்சா பொலிஸ்லயும் ஒரு என்ட்ரி போட்டுடுங்க.

இதுக்கு இவ்வளவு அழுத்தி சொல்ல காரணம் இருக்கு. டிரிபியூனல்ல தோட்டம் "ஆமா நாங்கதான் நிப்பாட்டுனோம்"னு ஒத்துக்கிட்டா ஏன் நிப்பாட்டுனோம்னு அவங்கதான் மொதல்ல நிரூபிக்கணும். "நாங்க நிப்பாட்டவே இல்ல"ன்னு சொல்லிட்டா, நிப்பாட்டுனாங்கன்னு நிரூபிக்கிற பாரம் நம்ம தலையில வந்து விழும். வேலைய விட்டுட்டு போயிட்டாருன்னு முடிவு பண்ணவும் வராம இருந்தது மட்டும் போதாது, திரும்ப வரக்கூடாதுங்குற எண்ணமும் இருந்திருக்கணும். அந்த நாலு வரி கடுதாசி அந்த எண்ணம் நமக்கு இல்லைங்குறத காட்டும்.

ஒஃபிஸ்ல இருந்து வர்ற கடுதாசிக்கு பதில் போடாம விடுறது அடுத்த தப்பு. "3ஆம் திகதில இருந்து அறிவிக்காம வரல, விளக்கம் குடு"ன்னு இங்கிலீஷ்லயோ சிங்களத்துலயோ வரும், சித்தி அத சாமி படத்துக்கு பின்னால சொருகி வெச்சிருந்தாங்க. வாசிக்க தெரியலன்னா வெக்கப்படாதீங்க, பள்ளிக்கூட வாத்தியார்கிட்டயோ படிச்ச புள்ளைங்ககிட்டயோ அன்னைக்கே காட்டுங்க, அதுல குடுத்திருக்குற நாளுக்குள்ள பதில் போகணும். அத விட மோசம் என்னன்னா, "இதுல கையெழுத்து போட்டா உடனே காசு"ன்னு கிளாக்கர் நீட்டுற பேப்பர்ல என்ன இருக்குன்னே தெரியாம போட்டுடுறது. அது நீங்களே விலகுறதா எழுதுன கடுதாசியா இருக்கலாம், இல்லன்னா இனி எந்த கோரிக்கையும் இல்லன்னு எழுதியிருக்கலாம். வீட்டுக்கு கொண்டு போய் வாசிச்சுட்டு வாரேன்னு சொல்லுங்க, குடுக்க மாட்டேன்னா கையெழுத்து போடாதீங்க.

இன்னொன்னு, நம்ம சனங்க நெறைய பேர் "நானா விட்டுட்டேன்னு ஆயிட்டா சர்விஸ் காசு போயிடும்"னு நெனச்சு பயந்துக்கிட்டு கேக்காமலே விட்டுடுறாங்க. அப்புடி இல்லைங்க. 1983ஆம் ஆண்டு 12ஆம் இலக்க பணிக்கொடை சட்டப்படி, 15 பேரோ அதுக்கு மேலயோ வேலை செய்யுற எடத்துல 5 வருசம் முடிச்சிருந்தா, நீங்களா விட்டாலும் அவங்க நிப்பாட்டுனாலும் அந்த காசு ஒங்களுது. மோசடி, கையாடல், வேணும்னே சொத்துக்கு சேதம் பண்ணுறது மாதிரி காரணத்துக்குத்தான் புடிக்கலாம், அதுவும் நட்டம் எவ்வளவோ அவ்வளவுதான். நாள் சம்பளக்காரங்களுக்கு ஒரு வருசத்துக்கு 14 நாள் சம்பளம். நாளைக்கு 1,350 ரூபான்னு வெச்சு சித்தியோட 22 வருசத்த கணக்கு பாத்தா 415,800 ரூபா. வேலை முடிஞ்சு 30 நாளைக்குள்ள குடுக்கணும், இழுத்தடிச்சா மேலதிகமா சேத்துக் கட்டணும். குடுக்கலன்னா லேபர் ஒஃபிஸ்ல முறைப்பாடு குடுங்க. டவுன் கடைங்கள்ல 15 பேருக்கு கொறைவா இருக்குற எடத்துல வேலை செய்யுற தம்பி தங்கச்சிங்க அத லேபர் டிரிபியூனல்லதான் கேக்கணும்.

இங்கதான் திகதி விசயம் வருது, தயவுசெஞ்சு இத மட்டும் மறக்காதீங்க. வேலைய அநியாயமா நிப்பாட்டுனாங்கன்னு டிரிபியூனலுக்கு போறதுக்கு நிப்பாட்டுன நாள்ல இருந்து 6 மாசம்தான். சர்விஸ் காசுக்கு லேபர் ஒஃபிஸ்ல எழுதிக் குடுத்தாச்சு, அவங்க பாத்துக்குவாங்கன்னு இருந்துட்டா அந்த 6 மாசம் அது பாட்டுக்கு ஓடிடும். "சங்கத் தலைவர் பேசிக்கிட்டு இருக்காரு, தீபாவளி முடியட்டும்"னு இருந்து கேஸே போடாம விட்ட ரெண்டு குடும்பத்த எனக்கு தெரியும். தலைவர் பேசட்டும், சங்கமே ஒங்களுக்காக டிரிபியூனல்ல போடவும் முடியும், ஆனா போட்டாச்சான்னு நீங்களே கேட்டு நம்பரோட பேப்பர கையில வாங்குங்க. சந்தாவ கட்டுறது நீங்கதானே, கேக்குறதுல என்ன தப்பு.

விசாரணையில சித்திகிட்ட "எப்ப நிப்பாட்டுனாங்க"ன்னு கேட்டதுக்கு "மாரியம்மன் திருவிழாவுக்கு முந்தின வாரம்"னாங்க. தோட்டத்து லோயர் அதையே புடிச்சுக்கிட்டாரு. நமக்கு காலம் திருவிழாவுலயும் சம்பள நாள்லயும்தான் ஓடுது, அது தப்பில்ல, ஆனா போறதுக்கு முந்தியே கலண்டர வெச்சு திகதி திகதியா ஒரு கொப்பியில எழுதி பழகிக்கிட்டு போகணும். கணக்கப்புள்ள பத்து வருசமா பண்ணுன கொடுமை எல்லாத்தையும் அழுது சொல்லணும்னு மனசு துடிக்கும், அது எனக்கும் புரியுது, ஆனா கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொன்னாத்தான் நிக்கும்.

சித்திய காப்பாத்துனது ஒரு பழைய நெஸ்டமோல்ட் மா டின். சம்பள சீட்டு, ஆஸ்பத்திரியில குடுத்த டயக்னோசிஸ் கார்ட், எல்லாத்தையும் அதுல போட்டு வெச்சிருந்தாங்க. பாதி பேப்பர் ஈரத்துல பூஞ்சணம் புடிச்சு ஒட்டிப் போயிருந்துச்சு, நானும் தங்கச்சியும் அடுப்பு பக்கத்துல காய வெச்சு ஒவ்வொன்னா பிரிச்சோம். அதுல 9ஆம் திகதி கொழுந்து எடை போட்டு குடுத்த துண்டு இருந்துச்சு. 3ஆம் திகதியே விட்டுட்டு போனவங்களுக்கு 9ஆம் திகதி எப்புடி கொழுந்து எடை போட்டீங்கன்னு கேட்டதுக்கு அவங்ககிட்ட பதில் இல்ல.

ஒங்க வீட்டுலயும் அப்புடி ஒரு டின் இருக்கும், இன்னைக்கே எறக்கி ஒவ்வொன்னையும் போன்ல போட்டோ புடிச்சு வட்ஸ்அப்ல புள்ளைங்களுக்கு அனுப்பி வைங்க. கையில இல்லாத பேப்பருக்கு, செக்ரோல கொண்டு வர சொல்லி டிரிபியூனல்லயே கேக்கலாம். சாட்சி சொல்ல பயப்படுற ஆளுக்கும் அங்க இருந்தே அழைப்பு அனுப்ப சொல்லலாம், தோட்டத்துல இருக்குறவங்களுக்கு "நானா போகல, கூப்புட்டாங்க"ன்னு சொல்ல அது ஒரு தைரியம்.